பதினேழாம் நம்பர்

வாசனைத் தோட்டம் ஒன்றில் சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டுவது என் தொழில். மாத்தளையிலிருந்து தம்புள்ளை போகும் ரோட்டில் இப்படிப் பல தோட்டங்கள் உண்டு; அதில் ஒன்றில் இருபது வருடமாக வாய் வலிக்கப் பேசிக்கொண்டிருக்கிறேன். மிளகுக் கொடியைக் காட்டுவேன், ஏலக்காயை நசுக்கி முகரக் கொடுப்பேன், கடைசியில் கடைக்குள் கூட்டிப்போய்ப் போத்தல்களுக்கு முன்னால் நிறுத்துவேன். எங்கள் போத்தல்களுக்குப் பெயரை விட நம்பர்தான் முக்கியம். மூட்டுவலிக்கு நாலு, முடி கொட்டுவதற்கு ஒன்பது, ஆண்களின் அந்த விஷயத்துக்குப் பதினேழு.

பதினேழைப் பற்றி இங்கிலீஷில் பேசுவேன், அரைகுறை ஜெர்மனில் பேசுவேன், உள்ளூர்க்காரர்கள் வந்தால் சிங்களத்தில் சொல்லிச் சிரிக்க வைப்பேன். மனைவி பக்கத்தில் நிற்கும்போதே கணவனின் தோளில் தட்டி, இதற்கெல்லாம் வெட்கப்படக் கூடாது ஐயா என்று சொல்லும் அளவுக்குத் தைரியசாலி. யாராவது ஒருவர் அந்த அலமாரிப் பக்கம் தனியாக ஒதுங்கினால் போதும், கூட வேலை செய்பவன் என் காதில், "அந்தத் தொப்பிக்காரரு பதினேழு" என்பான். இரண்டு பேரும் சிரிப்போம். நாற்பத்தாறு வயதில் நானே பதினேழு ஆனபோது சிரிப்பு வரவில்லை.

முதல் தடவை களைப்பு என்றேன். அடுத்த தடவை வெயில் என்றேன். மூன்றாவது தடவைக்குப் பிறகு, காரணம் சொல்லும் நிலைமையே வரக்கூடாது என்று டீவி முன்னால் உட்கார்ந்துகொண்டேன். எந்த நாடு எந்த நாட்டோடு விளையாடுகிறது என்றுகூடத் தெரியாமல் கிரிக்கெட் பார்த்தேன்.

என் மனைவி வீட்டில் சட்டை தைப்பவள். நல்ல பேச்சுக்காரி. அவள் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்தாள். பிளேன்டீயை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். முன்பு போலப் பக்கத்தில் உட்கார மாட்டாள். ஒருநாள் மெஷினை நிறுத்தாமலே, "டவுன்ல யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"யாரு?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

கத்திவிட்டேன். உண்மையைச் சொல்ல வாய் வராதவனுக்குக் கோபம் நல்ல வசதி. ஆனால் அவள் திருப்பிக் கத்தவில்லை. பத்தொன்பது வருடத்தில் அவள் திருப்பிக் கத்தாத சண்டை அது ஒன்றுதான். இவள் என்னை விட்டுப் போய்விடுவாளோ என்று அன்றைக்குத்தான் பயம் பிடித்தது.

பயத்தில் என்ன செய்தேன்? பதினேழை வாங்கிக் குடித்தேன். இருபது வருடம் பிறருக்குப் புகழ்ந்த சரக்கு, எனக்கு மட்டும் வேலை செய்யாமலா போகும்? மூன்று போத்தல் உள்ளே போனது. பசிதான் கூடியது.

வேறு வழியில்லாமல் டொக்டரிடம் போக முடிவு செய்தேன். அதிலும் ஒரு கெட்டிக்காரத்தனம். எங்கள் பக்கத்துத் தமிழ் டொக்டர் வேண்டாம், உக்குவளைக்குப் போய் ஒரு சிங்கள டொக்டரைப் பார்ப்போம் என்று நினைத்தேன். இங்கிலீஷில் சொன்னால் வேறு யாருக்கோ வந்த மாதிரி இருக்கும். தமிழில் சொன்னால் அது எனக்கே வந்ததாகிவிடும். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

டொக்டர் நரைத்த தலை, தடித்த கண்ணாடி. துண்டுச் சீட்டில் என் பெயரைப் பார்த்தார். "உக்காருங்க. என்ன கரச்சல்?" என்றார், நல்ல தேயிலைத் தோட்டத் தமிழில். முன்பு ஆறு வருடம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்தவராம். என் திட்டம் அங்கேயே கவிழ்ந்தது. பஸ்ஸில் வரும்போது தயார் செய்துவைத்த இங்கிலீஷ் எல்லாம் எங்கே ஓடியதோ, வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"டொக்டர், எனக்குப் பதினேழு."

அவர் கண்ணாடியை இறக்கி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பாத்தா அப்புடித் தெரியலயே."

"வயசு இல்லங்க டொக்டர். நம்பரு. போத்தல் நம்பரு."

"போத்தலா? தெனம் குடிக்கிறீங்களா?"

"ஐயோ, அந்தப் போத்தல் இல்லங்க!"

வாசனைத் தோட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அலமாரியைப் பற்றிச் சொன்னேன். மூட்டுவலி, முடி என்று தட்டுத் தட்டாக ஏறிப் பதினேழுக்கு வந்ததும் நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தேன். அவர் பேனையைக் கீழே வைத்தார்.

"எழும்புறதில்லையா?"

அவ்வளவுதான். தினமும் காலையில் என் மகளை எழுப்பும்போது நான் சொல்லும் வார்த்தை. இத்தனை மாதம் நான் தேடிய சொல் இவ்வளவு சாதாரணமாகவா இருக்கும் என்று ஆச்சரியமாக இருந்தது. "ஆமாங்க டொக்டர், எழும்புறதில்ல" என்றேன். அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அவர் காய்ச்சலுக்குக் கேட்பது போலவே கேட்டார்: எவ்வளவு நாளாக, காலையில் விழிக்கும்போது எப்படி, சிகரெட் உண்டா, வேறு மருந்து உண்டா. பிரஷர் பார்த்தார். இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ரிப்போர்ட்டோடு மறுபடி போனபோது இரத்தத்தில் சீனி கூடியிருந்தது.

"சீனி வருத்தம் நரம்பையும் கெடுக்கும், சின்னச் சின்ன ரத்தக் கொழாயையும் கெடுக்கும். ஒங்களுக்கு இதுல மொதல்ல காட்டியிருக்கு. வெக்கப்பட்டு வராம இருந்திருந்தா, பொறகு நெஞ்சு வலியோட வந்திருப்பீங்க" என்றார். சீனிக்கு மாத்திரை எழுதினார், தினமும் நடக்கச் சொன்னார். அந்தப் பதினேழை எதில் கலக்கிறார்கள் என்று கேட்டார். தேனிலும் கருப்பட்டிப் பாகிலும் என்றேன். தலையில் அடித்துக்கொண்டார்.

எழுந்திருக்கும்போது, "வீட்டுல சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப பாதி வைத்தியந்தான் நடக்குது. அடுத்த தடவ அவங்களயும் கூட்டிக்கிட்டு வாங்க."

வீட்டில் மகள் இருப்பாள் என்பதால், ஞாயிற்றுக்கிழமை மனைவியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ரிவர்ஸ்டன் மலைக்குப் போனேன். அவளுக்கு அரை மனம். மேலே அடிக்கிற காற்றில் சேலையைப் பிடிப்பதா, முடியைப் பிடிப்பதா என்று தடுமாறினாள். இந்த நேரம்தான் சரி என்று நினைத்தேன். முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிடலாம்.

"எழும்புறதில்ல" என்றேன்.

"என்னது?"

"எழும்புறதில்லன்னு சொன்னேன்!"

"யாரு, மகளா? ஃபோன நோண்டிக்கிட்டே படுத்தா எப்புடி எழும்புவா? நீங்கதான் செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கீங்க!"

"மக இல்ல! எனக்கு! எட்டு மாசமா எனக்கு எழும்புறதில்ல!"

காற்று அந்த நேரம் பார்த்தா ஓய வேண்டும்? பக்கத்தில் அவித்த சோளம் விற்றுக்கொண்டிருந்த பெண் தமிழ்ப் பெண் என்பது, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்ட வேகத்தில் தெரிந்தது.

மனைவி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஓரத்தில் இருந்த ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, டொக்டர், சீனி, போத்தல் என்று எல்லாவற்றையும் ஒப்புவித்தேன்.

"எட்டு மாசம்" என்றாள். "எட்டு மாசமா நான் கண்ணாடிக்கு முன்னால நின்னுக்கிட்டு, எனக்கு என்ன கொறஞ்சு போச்சுன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். கண்ட கண்ட வெள்ளக்காரன் பொண்டாட்டிக்கெல்லாம் எடுத்துச் சொல்றீங்க. எனக்குச் சொல்ல வாய் இல்லையா ஒங்களுக்கு?"

வெட்கமாக இருந்தது, இந்தத் தடவை வெட்கப்படவேண்டிய விஷயத்துக்கு. தப்புத்தான் என்றேன். அவள் அன்றைக்கு மன்னிக்கவில்லை. சோளம் வாங்கிக் கொடுத்தேன், அதை மட்டும் வாங்கிக்கொண்டாள். இறங்கும்போது என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அந்த ரோட்டில் வளைவுகள் அதிகம், அதனாலும் இருக்கலாம்.

அடுத்த வாரம் டொக்டரிடம் போக நான் சட்டையை மாட்டியபோது அவளும் சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். உக்குவளையில் துண்டு எழுதும் பெண் பேனையை எடுத்துக்கொண்டு எங்களை நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருக்கு வருத்தம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"ரெண்டு பேருக்கும்னு எழுதுங்க."