போருக்குள் போட்ட சத்தம்

பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு, மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு போடும் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். அந்தப் படிப்பு கேஸ் சிலிண்டர் மாற்றுவதற்குக்கூட உதவவில்லை என்று என் கணவரின் அண்ணன் சொல்லிச் சிரிப்பார். அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். மனிதர் நல்லவர், வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி. எனக்கும் கம்மியில்லை.

போன கோடையில் எங்கள் ஆழ்துளைப் போரில் மோட்டார் ஓடியது, தண்ணீர் வரவில்லை. பக்கத்துக் கரும்புக் கொல்லைகளில் இரண்டு போர் ஏற்கெனவே நின்றுபோயிருந்தன. எங்கள் ஊரில் போர் நின்றால் உள்ளே என்ன ஆயிற்று என்று யாரும் பார்ப்பதில்லை. நேராக நீரோட்டம் பார்க்கும் தேங்காய்க்காரரைக் கூப்பிடுவார்கள். அவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு கொல்லையைச் சுற்றினார். ஈசானிய மூலையில் தேங்காய் எழுந்து நின்றது. அங்கே சுண்ணாம்பில் குறி போட்டார்கள். புதுப் போர் போட என் பசுவை விற்பது என்று முடிவாயிற்று. அம்மா வீட்டிலிருந்து என்னோடு வந்த பசு அது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலை மாட்டுத் தரகர் வருவதாக ஏற்பாடு.

எனக்கு வந்த கோபத்துக்குப் பாத்திரங்கள்தான் அடிவாங்கின.

பிறகு யோசித்தேன். அந்தச் சின்னத் துளைக்குள் எட்டிப் பார்த்தால் இருட்டு. கல் போட்டால் மோட்டாரில் சிக்கும். கயிறு விட்டால் ஒயரில் சுற்றிக்கொள்ளும். போட்டால் சிக்காமல் திரும்பி வரக்கூடியது சத்தம் ஒன்றுதான். கப்பல்காரர்கள் கடலின் ஆழம் பார்க்கும் சோனாரும் இதே வேலைதான். சத்தத்தை அனுப்பிவிட்டு, அது பட்டுத் திரும்பும் நேரத்தை எண்ண வேண்டும்.

வந்திருந்த மெக்கானிக்கிடம் மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். போர் வாயில் செல்போனை வைத்து ரெக்கார்டிங் போட்டுவிட்டு, இரண்டு பலகைத் துண்டுகளைப் பட்டென்று ஒன்றோடொன்று அடித்தேன். திரையில் ஒரு பெரிய கோடு, கொஞ்சம் தள்ளி ஒரு குட்டிக் கோடு. இடைவெளி புள்ளி நான்கு நொடி. சத்தம் நொடிக்குச் சுமார் முந்நூற்று நாற்பது மீட்டர் ஓடும். எல்லார் முன்னாலும் கணக்குப் போட்டு, தண்ணீர் நானூற்று நாற்பத்தாறு அடியில் இருக்கிறது என்று அறிவித்தேன்.

மாமா என்னையே பார்த்தார். “இன்னாம்மா, நம்ம போரே நானூறு அடிதான? தண்ணி பூமிய பொத்துக்கினு பூடுச்சா?”

மோட்டார் மெக்கானிக்கிலிருந்து மாமியார்வரை சிரித்தார்கள். அவமானம் தாங்காமல் மாட்டுக் கொட்டகையில் போய் நின்றேன்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கொட்டகை விளக்கைச் சுற்றிய பூச்சிகளைப் பிடிக்கச் சின்ன வௌவால் ஒன்று வந்தது. துணி காயப்போடும் கம்பியில் மோதப்போகிறது என்று நினைத்தேன், சட்டென்று ஒடித்துத் திரும்பியது. நம் காதுக்கு எட்டாத சத்தம் போட்டு, அது கம்பியில் பட்டு வருவதைக் கேட்டுத்தான் வௌவால் பறக்கிறது. சத்தம் போக வேண்டும், வரவும் வேண்டும். திருக்கோவிலூருக்குப் போய்வந்த நேரத்தை வைத்து ஒருவழித் தூரம் சொன்ன கதையாக, நான் பாதியாக்க மறந்திருந்தேன். தண்ணீர் இருநூற்று இருபத்துமூன்று அடியில் நிற்கிறது. மோட்டார் முந்நூறு அடியில் இருக்கிறது. அப்படியானால் மோட்டார் தண்ணீருக்குள்தான் கிடக்கிறது, ஏறுகிற தண்ணீர்தான் வழியில் எங்கோ போகிறது.

ஓடிப்போய்ச் சொன்னேன். மாமா நம்புகிற மாதிரி தெரியவில்லை.

“பைப்ப தூக்கிப் பாருங்க மாமா. தண்ணி இல்லன்னா மாட்ட நானே அவுத்துத் தரேன்” என்றேன்.

விடிந்ததும் மெக்கானிக் பைப்பைத் தூக்கினார். மேலேயிருந்து மூன்றாவது பைப்பில் முழ நீளத்துக்கு விரிசல். ஏறிய தண்ணீரெல்லாம் அதன் வழியே போருக்குள்ளேயே கொட்டியிருக்கிறது. அந்த ஒரு பைப்பை மாற்றி இறக்கி, சுவிட்சைப் போட்டார்கள். முதலில் காற்று, அப்புறம் செம்மண் கலங்கல், அப்புறம் தொட்டி அதிர விழுந்தது தண்ணீர். நான் வெட்கத்தை விட்டுக் கைதட்டினேன்.

தரகர் கயிற்றோடு வந்தபோது பசு தொட்டியில் மூக்கு முங்கக் குடித்துக்கொண்டிருந்தது. நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன்.

“மாடு விக்கிறதுக்கு இல்லீங்க. அது எங்க வூட்டுப் பொண்ணோடது” என்றார் அவர் தரகரிடம்.

பிறகு என் பக்கம் திரும்பி, பக்கத்துக் கொல்லைப் போர்களையும் ஒரு தட்டு தட்டிப் பார்க்க முடியுமா என்று கேட்டார். பலகைகளோடு நான் முன்னால் நடந்தேன். மாமா என் செல்போனைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.