எழுத்து அழிந்த கீபோர்டு

என் மனைவி படங்களுக்கு சப்டைட்டில் அடிப்பவள். பதினோரு வருடத் தட்டலில் அவளுடைய மெக்கானிக்கல் கீபோர்டில் ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை. குனிந்து பார்த்து அடிக்கிற பழக்கம் இல்லாததால் அவளுக்கு அது ஒரு குறையே இல்லை. நானும் மகளும்தான் அதில் அடிக்கும் சுகத்துக்காக இரவல் வாங்கி, ‘ப எங்கே, ம எங்கே’ என்று அவள் உயிரை எடுப்போம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வெளியே போயிருந்தபோது, கீகளின் மூடிகளை எல்லாம் பிடுங்கிக் கழுவினேன். கைக்கு வந்ததை வந்த இடத்தில் மாட்டி, அழியாத மையால் எழுத்தும் போட்டேன்.

வந்தவள் ஒருமுறை விரலால் தடவினாள்.

“அடியில இருக்கிற ஸ்விட்ச் எல்லாம் ஒரே உயரம்தாங்க. மூடிதான் வரிசைக்கு வரிசை வேற உயரம். இப்படித் தெத்துப்பல்லு மாதிரி மாட்டி வெச்சிருக்கீங்களே.”

எல்லாவற்றையும் கழற்றி, உயரம் பார்த்து நான்கு குவியலாகப் பிரித்து மாட்டினாள். என் எழுத்து எது எங்கே போகிறது என்று அவள் பார்க்கவே இல்லை.

“மையைச் சுரண்டிக் குடுக்கட்டுமா?” என்றேன், அசடு வழிய.

“வேணாம், இருக்கட்டும்.”

மறுநாள் மகள் இரவல் வாங்கிப் போனாள். ‘ப அடிச்சா ம வருது’ என்று இரண்டே நிமிடத்தில் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

“கல்யாணமான நாள்லேர்ந்து நீங்க செஞ்ச ஒரே உபகாரம் இதுதான்” என்றாள் மனைவி, தட்டலை நிறுத்தாமல்.