மழைச் சத்தத்தில் ஒரு வகுப்பு

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை மாடியில், தகரக் கூரையின் கீழ் அடுத்தடுத்த அறைகளில் நானும் இன்னொரு ஆசிரியரும் ஆங்கிலம் கற்பித்தோம். அவர் குட்டையான மனிதர், வெறுங்காலோடுதான் பாடம் நடத்துவார். மழை பிடித்தால் கூரைச் சத்தத்தில் எதுவும் கேட்காது. நான் வகுப்பை முடித்துவிடுவேன். அவரோ நாற்காலியை மாணவர்கள் நடுவே இழுத்துப் போட்டு, ஒவ்வொருவராகப் பேசச் சொல்வார். ஒருநாள் மழையில் பொறுக்காமல் அவரை அறை வாசலுக்கு அழைத்துக் கேட்டேன்.

“இந்த சத்தத்துல என்னா சார் கேக்குது உங்களுக்கு?”

“ஒண்ணும் கேக்கல சார். தப்பு யாருக்கும் கேக்காதுன்னுதான் பயப்படாம பேசிக்கினு இருக்காங்க.”

என் வகுப்பில் வாயே திறக்காமல் இருந்துவிட்டு அவரிடம் மாறிப்போன பெண், உள்ளே கைகளை ஆட்டி ஆட்டி ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்தாள். மழை உடனே நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நிற்கவில்லை.