லட்டுவும் அணைக்காத விளக்கும்

நேற்று பரணிலிருந்து மகளின் பழைய தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்தேன். அடியில் பச்சை. குளத்துப் படிக்கட்டு வாசனை. உங்களுக்கு அது பாசி. எனக்கு அது மேல் வீட்டு ராவ் காரு.

அப்போது இந்தத் தெலுங்கு நகரத்தில், மல்காஜ்கிரிப் பகுதியில் வாடகைக்கு இருந்தோம். மகளின் தங்கமீனுக்குப் பெயர் லட்டு. லீவுக்கு அம்மாவோடு மதுரைக்கு ரயில் ஏறியவள் ஜன்னல் வழியாக எச்சரித்தாள்: "லட்டுக்கு ஏதாவது ஆச்சு, மேரேசே பாத் நக்கோ." அவளுக்குத் தமிழ் புரியும், கோபம் மட்டும் இந்த ஊர் இந்தியில்தான் வரும். என்னோடு பேசவே மாட்டாளாம்.

அந்த வாரமே மீன்தொட்டி பச்சையாயிற்று. தண்ணீரை மாற்றினேன்; மறுபடி பச்சை. லட்டு கண்ணிலேயே படவில்லை. முதலில் லாரித் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். பிறகு மீன்கடைக்காரரை. "ஒண்ணும் ஆகாது சார்" என்றவர் அவர்தானே. கடைசியில் ராவ் காரு. மத்தியானம் வரும் குழாய்த் தண்ணீரைப் பிடித்துவைக்க எங்கள் சாவி அவரிடம் இருக்கும். தொட்டி மோட்டார் தூக்கத்தைக் கெடுப்பதாக ஒருமுறை முனகியும் இருக்கிறார். போதாதா? தீவன டப்பா வேறு இடம் மாறியிருந்தது. விஷம்தான், தீர்மானித்துவிட்டேன்.

வெளிச்சம் இருந்தால் குற்றவாளி பயப்படுவான் என்று தொட்டி விளக்கை இரவு பகலாக எரியவிட்டேன். பெரிய துப்பறியும் மூளை. ஒருநாள் ஆபீஸில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்து பாய்ந்தேன்.

ராவ் காரு ஸ்டூலில் உட்கார்ந்து, விரலில் தீவனத்தோடு, பச்சைத் தண்ணீரைக் கொஞ்சிக்கொண்டிருந்தார். "தினு நான்னா, தினு." சாப்பிடு கண்ணா, சாப்பிடு. என்னைப் பார்த்ததும், "நீங்க ஆபீஸ் போயிட்டா அதுக்குப் பசிக்கும் கதா, பாபு?" என்றார். காலையிலும் மாலையிலும் நானும் அள்ளிப் போடுகிறேன் என்பதை விழுங்கிக்கொண்டேன். அவரிடமும் சொல்லிவைத்த, இல்லாத வயிற்றுவலிக்கு அவர் கொடுத்த மோரையும்.

ஊரிலிருந்து வந்த மகள் தொட்டியைப் பார்த்தாள். "டாடி, லைட் கைக்கு?" விளக்கு எதற்காம். அணைத்தாள். என் லுங்கியால் தொட்டியை மூடினாள். எங்கள் இருவருக்கும் தீவன டப்பாவைத் தொடத் தடை. தண்ணீர் தெளியும்வரை என்னோடு பேச்சுவார்த்தையும் இல்லை. பச்சை மெல்லத் தெளிந்தபோது லட்டு வெளியே வந்தது, பெயருக்கேற்ற உருண்டையாக. நாங்கள் அள்ளிப் போட்ட தீவனத்தில் தொடங்கிய பாசி, குற்றவாளியைப் பிடிக்க வைத்த விளக்கில் கொழுத்திருக்கிறது.

இப்போது இதே நகரத்தில், அல்வாலில் அடுக்குமாடி வீடு. தொட்டி இல்லை. மகள் வேலைக்கு வேறு ஊர் போய்விட்டாள். வாசலில் கேமரா, பூனை நடந்தால் போன் அலறும். போன மாதம் மதுரைக்குக் கிளம்பும்போது உபரிச் சாவியை எடுத்துக்கொண்டு பழக்கதோஷத்தில் மாடிப்படி ஏறிவிட்டேன். மேல் வீட்டுக்காரர் பெயரே எனக்குத் தெரியாது. சாவியும் எங்களோடு மதுரைக்கு வந்தது.