மூன்றரை ஏர் நிலமும் எங்கள் அக்காவும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உற்றார் உறவினருக்கு வணக்கம். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஒற்றைப் பனியன் மிசினில் தொடங்கி யார் தயவும் இல்லாமல் இன்று இருபது மிசின் ஓட்டுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கணக்குப் பிழை இருக்காது.

அக்கா ஊத்துக்குளிப் பக்கம் எருமை கட்டிய குடும்பத்தில் பிறந்து அருள்புரத்துக்கு வாழ்க்கைப்பட்டார். மகள் நடை பழகும் முன்பே மச்சான் காய்ச்சலில் போய்விட்டார். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டியே பெண்ணை வளர்த்துக் கட்டிக்கொடுத்தார். என் வீட்டுக்கு எத்தனையோ முறை கூப்பிட்டேன். வாடகைக்கு இருந்த லைன் வீட்டு ஒற்றை அறையை விட்டு வரவில்லை. "நான் போனா எம்பட சொந்த ஊட்டுல இருந்துதான் போகோணும் தம்பி" என்பார்.

மச்சானின் பாகமாக அவருடைய அண்ணன் பத்து செண்ட் இடம் பிரித்துக் கொடுத்தார். நாலு பக்கமும் ஒரு சங்கிலி, அதாவது அறுபத்தாறு அடி. அறுபத்தாறை அறுபத்தாறால் பெருக்கினால் நாலாயிரத்து முந்நூற்று ஐம்பத்தாறு சதுர அடி. பத்து செண்ட் சரி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பாதை கோணல், அதனால் இடமும் சாய்ந்து கிடந்தது. கட்டிங் மேசையில் துணி கோணினால் நாலு ஓரமும் அளவு சரியாக இருக்கும், பனியன்தான் குறையும். எனக்கா தெரியாது? மூலைக்கு மூலை கயிறு பிடித்தேன். சதுரமானால் தொண்ணூற்று மூன்று அடி வர வேண்டும். அறுபத்தாறுதான் வந்தது. மொத்தம் எட்டே முக்கால் செண்டுக்கும் சற்றுக் குறைவு. காணாமல் போனது ஏறக்குறைய ஐந்நூற்று எண்பது சதுர அடி. அக்கா கட்ட நினைத்த வீடே அவ்வளவுதான்.

மச்சானின் அண்ணனிடம் போய்க் கேட்டேன். "மூலைக்கு மூலை கவுறு புடிச்சுப் பாகம் பிரிக்கறது எந்த ஊர்லீங்க மாப்ள? பனியன் துணின்னு நெனச்சீங்களா?" என்று சிரித்தார்.

இடத்தை அளக்கச் சொல்லி அக்கா மனுப் போட்டார். சர்வேயர் வந்த அன்று நான் நூல் வாங்க ஈரோடு போயிருந்தேன். அவர் சர்க்காரின் புது அளவில் "மூன்றரை ஏர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் திரும்பியபோது அக்கா சுருண்டு படுத்திருந்தார்.

"பத்து, மூணரை ஆயிப்போச்சு தம்பி."

"இல்லீங்கக்கா. ஒரு ஏர்னா ரெண்டரைச் செண்டுக்குத் துளி கம்மி. மூணரை ஏரும் நான் சொன்னதும் ஒண்ணுதானுங்க. மண்ணு அப்படியேதான் கெடக்குது."

"பத்துன்னாங்க, நம்புனேன். நீ எட்டே முக்கால்னே, நம்புனேன். இப்ப மூணரைங்கறாங்க. நாளைக்கு இன்னொருத்தன் வந்தா ஒண்ணும்பான். அளக்க அளக்கக் கொறையற மண்ணுல நான் கல்லு நடமாட்டேன் சாமி."

என் வாய்க்கணக்கை நம்பித் திருப்பூரில் எத்தனையோ பேர் நூல் கொடுக்கிறார்கள். கூடப் பிறந்தவர் நம்பவில்லை. கல், மணல், ஆள் எல்லாம் நானே தருகிறேன் என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வேலைக்குப் போவது நின்றது. பிறகு சோறும் குறைந்தது. டாக்டர் ரத்தம் குறைவு என்று ஊசி போட்டார். எது குறைந்துபோனது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? இருபது மிசின் ஓட்டுகிறவனால் ஒரு மனுஷியைத் தேற்ற முடியவில்லை.

உயிர் பிரிந்த காலையில் லைன் வீட்டுக்காரர், "வாடகை ஊட்டுல பொணம் வெக்கப்படாதுங்க, மத்த குடித்தனம் பயப்படும்" என்றார். என் வீட்டுக்குக் கொண்டு போகலாம் என்றேன். "வேண்டாமுங்க மாமா, அம்மாவோட எடத்துக்கே போலாமுங்க" என்றாள் மகள். அந்தக் கோணல் மண்ணில், வெட்டவெளியில் கிடத்தினோம்.

கடைசிவரை கஞ்சி காய்ச்சிக் கொடுத்த அடுத்த அறை கட்பீஸ் வியாபாரி பாய் வீட்டாருக்கும், அன்று நிழலுக்குத் தன் கடைத் துணியையே இழுத்துக் கட்டிய பாய்க்கும், பேச்சுவார்த்தை இல்லாதிருந்தும் பச்சை மூங்கில் வெட்டி வந்து முதல் ஆளாகத் தோள் கொடுத்த மச்சானின் அண்ணனுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நாலு திசையிலிருந்தும் வந்த நீங்கள் அத்தனை பேரும் அந்த மண்ணிலேயே அமர்ந்தீர்கள். இடம் மிச்சமிருந்தது.