கற்பகம் சொல்லாமல் போன பெயர்

செய்தி வந்தபோது திருத்தங்கலில் என் அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். காரியாபட்டியிலிருந்து கற்பகத்தின் தங்கை பேசினார். "அக்கா காலையில போயிட்டாக அண்ணாச்சி. நெஞ்சு வலின்னாக. ஆசுபத்திரி வாசல் வரைக்கும் பேசிக்கிட்டேதான் வந்தாக." என் வாயில் வந்த முதல் கேள்வி, "என்ன பேசினாக?" என்பதுதான். சாவுச் செய்தி சொல்கிறவரிடம் கேட்கிற கேள்வியா அது? அந்தத் தங்கை கோபித்துக்கொள்ளவில்லை. "ஆட்டோக்காரர்கிட்ட, வண்டி சொந்தமா வாடகையான்னு விசாரிச்சுக்கிட்டு வந்தாக" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன்.

இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். எனக்குத் தெரிந்த கற்பகத்தைச் சொல்கிறேன். பட்டாசு ஆலை விபத்துகளில் ஆளைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு உதவ, எங்கள் பக்கத்து வியாபாரிகள் சிலர் சேர்ந்து ஒரு நிவாரணக் குழு நடத்துகிறோம். அதற்குச் செயலாளர் நான். எங்களுக்கு நிதி தந்த ஓர் அமைப்பு, கற்பகத்தைப் பாதுகாப்பு ஆலோசகர் என்று சொல்லி அனுப்பியது. எங்கள் ஊரில் பாதுகாப்பு என்றால் மணல் வாளியும் தண்ணீர்த் தொட்டியும்தான். அவற்றைப் பார்க்க வந்தவர் என்றே நினைத்தேன். "நெருப்பு இல்ல அண்ணாச்சி. உதவி செய்யப் போற எடத்துல நம்ம ஆளுகளால யாருக்கும் கெடுதல் வந்துறக் கூடாது. அதைப் பாக்குறதுதான் என் வேலை" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கொடுக்கிற கையைச் சந்தேகப்படுவதற்கு ஒரு உத்தியோகமா என்று கேட்டே விட்டேன். "சந்தேகம் இல்ல, தெரிஞ்சுக்கிற ஆசை" என்றார்.

அந்த ஆசைக்கு அளவே கிடையாது. ஐம்பதைத் தாண்டியவர், வெள்ளம், புயல் என்று எத்தனையோ முகாம்களில் வேலை பார்த்தவர். எந்தக் கூட்டத்துக்கும் நேரத்துக்கு வந்ததில்லை. வருகிற வழியில் யாரையாவது ஏதாவது கேட்டுக்கொண்டு நின்றுவிடுவார். வந்ததும் எங்களைப் பிடித்துக்கொள்வார். அரிசி இருக்கிற அறையின் சாவி யாரிடம்? பகல் பதினொரு மணிக்கு அரிசி கொடுத்தால் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனவர்கள் எப்படி வாங்குவார்கள்? ஒரு முறை சுவரில் மாட்டியிருந்த எங்கள் விழாப் படம் ஒன்றை நெடுநேரம் பார்த்தார். தகப்பனை இழந்த ஒரு பெண், மேடையில் எங்கள் கையிலிருந்து உதவி வாங்குகிற படம். "அண்ணாச்சி, உங்க வீட்டுப் பிள்ளை இப்படி நின்னா, அதைச் செவுத்துல மாட்டுவீகளா?" என்று கேட்டார். குரலில் குத்தல் இல்லை. பதில் தெரியாமல்தான் கேட்டார் என்று தோன்றியதால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மறுநாள் படத்தைக் கழற்றிவிட்டேன்.

காலண்டர் கதைக்கு வருகிறேன். உதவியில் குறை இருந்தால் சொல்வதற்கு ஒரு தனி போன் எண் வேண்டும், அது எல்லாக் குடும்பங்களுக்கும் தெரிய வேண்டும் என்று கற்பகம் சொன்னார். காலண்டர் அடிப்பவனிடம் இதைச் சொன்னால் விடுவேனா? முருகன் படம் போட்டு, நான்கு வண்ணத்தில் தினசரி காலண்டர் அடித்தேன். அட்டையின் அடியில் கடைப் பெயர் போடுகிற பட்டையில், கொட்டை எழுத்தில் புகார் எண். போனை எடுப்பது கற்பகம். பட்டியலில் இருக்கும் வீடு ஒவ்வொன்றுக்கும் ஒன்று கொடுத்தோம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டிப் பெருமை பேசினேன். நான்கு மாதமாகியும் ஒரு புகார்கூட வரவில்லை. நம் வேலை அவ்வளவு சுத்தம் என்று குழுவில் சொன்னேன். கற்பகம் மட்டும், "ஒண்ணுகூடவா வராது அண்ணாச்சி?" என்று கேட்டார்.

பிறகு ஒருநாள் ஆமத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்கு இருவரும் போனோம். பட்டியலில் இருந்தவை ஒன்பது வீடுகள். எல்லா வீட்டிலும் என் காலண்டர் தொங்கியது. ஏழு வீட்டில் அடிப்பட்டை இல்லை. முருகனின் பாதத்துக்குக் கீழே பிளேடால் வெட்டியது போல நேராக இருந்தது. "பிள்ளைக விளையாட்டுல வெட்டியிருக்கும்" என்றேன். "ஏழு வீட்டுப் பிள்ளைகளுமா? ஒரே எடத்துலயா?" என்றார். ஆனால் அந்த வீடுகளில் அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. தண்ணீர் வருகிற நேரம், கம்பெனி வேன் வருகிற நேரம், இதைத்தான் கேட்டார். திரும்பும்போது, "அடுத்தாப்புல நான் மட்டும் வாரேன் அண்ணாச்சி, கோவிச்சுக்காதீக" என்றார். கோபித்துக்கொண்டேன்.

மூன்று முறை தனியாகப் போனார். வேனுக்குக் காத்திருக்கும் பெண்களோடு காலையில் நின்றார் என்று மட்டும் கேள்விப்பட்டேன். மூன்றாம் முறை போய் வந்ததும் நேரே என் அச்சகத்துக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தார். "பட்டையை வெட்டுனாத்தான் லிஸ்ட்டுல பேரு இருக்குமாம். நம்பர் வீட்டுல தொங்குனா, என் மேல நம்பிக்கை இல்லைன்னு அர்த்தம்னு சொல்லியிருக்கான் உங்க ஆளு." எங்கள் ஆள் என்றால், அந்தக் கிராமங்களில் பட்டியல் எழுதுகிற களப்பணியாளர். என் நண்பரின் மகன். நானே வேலைக்கு வைத்தவன். நான் வாய் திறப்பதற்குள் அவர் தொடர்ந்தார். "அது மட்டும்னா பரவாயில்ல. உதவி வாங்கக் கையெழுத்துப் போட ஒருத்தியைத் தனியா ஒரு ரூமுக்கு வரச் சொல்லியிருக்கான். அவ போகல. வார வெள்ளிக்கெழமைக்குள்ள வரலைன்னா பேரை அடிச்சிருவேன்னு சொல்லியிருக்கான். பேரு போச்சுன்னா பிள்ளைக படிப்பு நின்னுரும்."

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. அந்த வேலியை நட்டவன் நான். "யாரு அந்தப் பொம்பள? இப்பவே கூட்டிட்டு வாங்க, எழுதி வாங்கிருவோம்" என்று கத்தினேன்.

"விசாரிக்க அவன் பேரு போதும் அண்ணாச்சி. அவ பேரு எதுக்கு?"

"செயலாளர் எனக்கே சொல்ல மாட்டீகளா?"

"மாட்டேன். அவ என்கிட்ட ரெண்டுதான் கேட்டா. உதவி நிக்கக் கூடாது, பேரு வெளிய வரக் கூடாது. வந்தா, நீ எதுக்கு இம்புட்டு நாளு சும்மா இருந்தேன்னு ஊரு அவளைத்தான் கேக்கும். போலீசுக்குப் போவமான்னும் கேட்டேன். இப்ப வேண்டாம்னா. எப்பக் கூப்பிட்டாலும் கூட வாரேன்னு சொல்லியிருக்கேன்."

வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. கற்பகம் சொல்லச் சொல்லச் செய்தேன். மறுநாளே அவனை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி, பட்டியலை வாங்கிக்கொண்டோம். அந்த ஒரு கிராமத்தின் மேல் யார் கண்ணும் விழக் கூடாது என்பதற்காக, எல்லாக் கிராமங்களிலும் ஒரே நாளில் பணியாளர்களை மாற்றினோம். பெயரை அடிக்கும் அதிகாரம் தனி ஆளுக்கு இல்லை என்று வீடு வீடாகச் சொன்னோம். கையெழுத்து இனிப் பள்ளிக்கூட வளாகத்தில், பகலில், இரண்டு பெண் பணியாளர்கள் முன்னால் மட்டும். வெள்ளிக்கிழமை எல்லோரும் வந்து கையெழுத்துப் போட்டார்கள். ஒரு பெயரும் விடுபடவில்லை. அந்த வரிசையில் அவளும் நின்றிருப்பாள்.

விசாரணைக்கு, அவன் பொறுப்பிலிருந்த வீடுகளில் மட்டும் வெட்டுப்பட்டிருந்த காலண்டர்களே போதுமாக இருந்தன. அவனை வேலையிலிருந்து நீக்கினோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் அப்பாவோடும் நாலு பெரிய மனிதர்களோடும் என் வீட்டுக்கு வந்தான். "எவ சொன்னா? அதை மட்டும் சொல்லுங்க, நாங்க போயிருதோம்" என்றார் என் நண்பர். ஏழு வீட்டை மிரட்டியிருந்ததால் எந்த வீடு சொன்னது என்று அவனுக்கே தெரியவில்லை. அந்தக் கிராமத்தில் ஒவ்வொரு வீட்டின் பெயராகச் சொல்லி என் முகத்தையே பார்த்தார்கள். எனக்குப் பொய் வராது, வியாபாரத்திலேயே வராது. தெரிந்திருந்தால் அந்தப் பெயர் வந்த நொடியில் என் கண்ணே காட்டிக்கொடுத்திருக்கும். ஒன்பது பெயரும் சொல்லி முடித்தார்கள். என் முகத்தில் ஒன்றும் இல்லை, ஏனென்றால் எனக்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் எழுந்து போனார்கள். கற்பகம் ஏன் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நண்பர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் செய்ததை நினைத்து வருந்தவில்லை.

ஆனாலும் ஆசை விடவில்லை. பிறகு எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "இனி சொன்னா என்ன மேடம், எல்லாம் முடிஞ்சு போச்சே?" "அவளுக்கு முடியணும்ல அண்ணாச்சி" என்பார். உலகத்தையே கேள்வி கேட்ட பெண், ஒரு பதிலை மட்டும் கடைசிவரை தரவில்லை.

அவர் இறந்த அன்று காரியாபட்டியில் அவர் வீட்டு வாசலில் பெரிய கூட்டம். ஆமத்தூர்ப் பக்கத்திலிருந்து பெண்கள் ஒரு வேன் பிடித்து வந்திருந்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அங்கேயும் என் கண் ஒவ்வொரு முகமாகத் தேடியது. யார் அதிகமாக அழுகிறாள், யார் ஒதுங்கி நிற்கிறாள் என்று பார்த்தேன். அப்போது ஒரு பெண் கூட்டத்திலிருந்து விலகி என் அருகில் வந்து நின்றாள். "அண்ணாச்சி, மேடம் உங்ககிட்ட என்னயப் பத்தி…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

ஒரு வார்த்தை கேட்டால் போதும், எனக்குத் தெரிந்துவிடும். நாக்கு நுனியில் கேள்வி நின்றது. "மேடம் யாரைப் பத்தியும் எதுவும் சொன்னதில்லம்மா" என்றேன். பிறகு, "உனக்கு ஏதும் சொல்லணுமா, சும்மா நிக்கணுமா?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். "சும்மா நிக்கேன் அண்ணாச்சி" என்றாள்.

கற்பகத்தைத் தூக்கும் வரை பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். நான் அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள்தானா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையைத்தான் கற்பகம் எனக்கென்று விட்டுப் போயிருக்கிறார். அதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.