கணக்கு வாத்தியாருக்குப் போன குண்டு

ஒன்பது வயதில் எனக்கு வந்த கோபம் மாதிரி ஒரு கோபம் அதற்குப் பிறகு வரவேயில்லை. கல்யாணமான பிறகுகூட வரவில்லை.

கும்மிடிப்பூண்டியில் ரயில் பாதையை ஒட்டி எங்கள் வீடு. எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. சித்தப்பா பட்டாளத்தில் இருந்தார்; சித்தி எங்களோடு இருந்தாள். ரேடியோ கேட்டுக் கேட்டு எனக்கும் பெரியம்மா மகனான அண்ணனுக்கும் சண்டைப் பைத்தியம் பிடித்து, சோடா மூடிகளை வைத்து ஓர் ஆட்டம் கண்டுபிடித்தோம். ஆளுக்கு நான்கு சாக்பீஸ் வட்டம், வட்டத்துக்கு ஐந்து மூடி. அதுதான் ஒரு படை. கோலியால் அடித்து வட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டால் அந்த மூடி செத்தது.

பீரங்கிக்கு வழி செய்தவர் என் அப்பா, நைனா. அவர் வேலை பார்த்த பட்டறையில் தேய்ந்துபோன பேரிங்கை உடைத்து, ஆளுக்கொரு இரும்புக் குண்டு கொண்டுவந்து கொடுத்தார். அதுதான் பீரங்கி. குண்டை எந்தப் படைக்குக் கொடுக்கிறோமோ அந்த வட்டத்தில் முதலிலேயே வைத்துவிட வேண்டும். நடுவில் கோடு போட்டபின் மாற்றக் கூடாது. அந்தப் படை அழிந்தால் குண்டு எதிராளிக்கு. இரண்டு குண்டும் யாரிடம் சேருகிறதோ அவருக்கு ஜெயம்.

என் படைகளுக்குப் பெயர் உண்டு. சித்தப்பா படை, ஸ்டேஷன் மாஸ்டர் படை, பால்காரர் படை, கணக்கு வாத்தியார் படை. குண்டு எப்போதும் சித்தப்பாவுக்குத்தான். நிஜத்திலும் அவரைப் பெரிய பீரங்கியோடு முன்னால் அனுப்பியிருப்பதாகக் கடிதம் வந்திருந்தது. தெரு முழுக்க அதைத் தண்டோரா போட்டவள் நான்தான்.

சித்தி பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவாள். "குண்டு வெச்சிக்கினு கீறவன மொதல்ல அடிக்கணும், அப்பால மத்தவன்" என்று நான் கத்துவேன். மூன்று நாளாக அண்ணன் சித்தப்பா படையைத்தான் முதலில் தீர்த்துக் கட்டினான். நானும் அவனுடைய குண்டுப் படையை விட்டுவைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம். ஜெயித்தவருக்கு இரண்டு குண்டும் சொந்தம். என் குண்டைச் சித்தப்பா வட்டத்தில் வைத்துவிட்டு நாஷ்டா தின்னப் போனேன். திரும்பி வந்தபோது அண்ணன் கோடு போட்டிருந்தான். குண்டு கணக்கு வாத்தியார் வட்டத்தில் கிடந்தது. போயும் போயும் அந்த மனுஷனுக்கா பீரங்கி! அண்ணன் மேல் பாய்ந்து கையைக் கடித்தேன்.

"நான் தொடவே இல்ல! கோடு போடசொல்லோ அங்கதான் இருந்துச்சி. இனிமே மாத்தக் கூடாது" என்று அலறினான்.

"அவன உடுடி. நான்தான் எடுத்து வெச்சேன்" என்றாள் சித்தி. முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்க சித்தப்பா சும்மா நிக்கட்டும்."

"சும்மா நிக்கறதுக்கா பட்டாளத்துக்குப் போனாரு? உனக்கு இன்னா தெரியும்? எங்க ஆட்டத்துல நீ ஏன் கை வெக்கிற?"

சித்தி அடுத்த கல்லைப் பொறுக்கினாள். அண்ணன் கணக்கு வாத்தியாரைக் கொஞ்ச நேரத்தில் ஒழித்துவிட்டு இரண்டு குண்டையும் டவுசர் பையில் போட்டுக்கொண்டான். சித்தப்பா படையில் ஒரு மூடிகூட அசையவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்தையும் ஓங்கி ஓர் உதை விட்டேன்.

சித்தி முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள். அரிசி தரையெல்லாம் சிந்தியது. பெஞ்சுக்கு அடியில் தவழ்ந்து போய், ஒன்று விடாமல் மூடிகளைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "தோத்த மூடிய வெச்சிக்கினு இன்னா செய்வ?" என்று கேட்டேன். முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு, சிந்திய அரிசியை அள்ள உட்கார்ந்தாள். பொங்கல் வரை நான் அவளோடு பேசவில்லை.

சித்தப்பா லீவில் வந்ததும் முதல் வேலையாகப் புகார் சொன்னேன். "உன் குண்ட எடுத்து வாத்தியாருக்குக் குடுத்துட்டா சித்தி." கூட சேர்ந்து கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் எழுந்து சித்தி இருந்த சமையல்கட்டுக்குப் போய்விட்டார். இவரும் கட்சி மாறிவிட்டார் என்று அவர் மேலும் எனக்குக் கோபம்.

குண்டு வைத்திருப்பவனைத்தான் முதலில் அடிப்பார்கள் என்று மூன்று நாளாகச் சித்தியின் எதிரில் உட்கார்ந்து அடித்துக் காட்டியவள் நான்தான் என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை.